இந்த வருஷம் சாமி என் வீட்டைப் பார்த்தது

அன்புள்ள தனபாக்கியம் அக்காவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இன்று காலை பெருமாள் நம் தெருவுக்கு எழுந்தருளினார். உங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டி, என் வீட்டைப் பார்த்து நின்றார். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எனக்கு உங்கள் மேல் பொறாமை இருந்தது, அக்கா. இருந்தது என்ன, இன்னும் இருக்கிறது. நம் தெருவில் நல்லது எதுவானாலும் உங்கள் வடக்கு வரிசைக்குத்தான் முதலில் வரும். கரண்டுக் கம்பத்தை உங்கள் வாசலில் நட்டார்கள். முனிசிபாலிட்டிக் குழாயும் அந்தப் பக்கமே. விடிகாலையில் தறிக்கான நூலைத் தெரு நெடுகப் பாவு நீட்டியிருந்தால், அதைத் தாண்டக்கூடாதென்று குடத்தோடு தெருக்கோடி வரை சுற்றி வந்தவள் நான்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாமியையுமா? உங்கள் மாமனாரின் அப்பா காலத்தில், ஊர்வலத்தின் நடுவே மழை பிடித்துக்கொள்ள, பெருமாளை உங்கள் வாசல் பந்தலில் இறக்கிவைத்தார்களாம். அன்றிலிருந்து சாமி உங்கள் வீட்டைப் பார்த்துத்தான் நிற்கும். சாமிக்கு எடுக்கும் தேங்காய் பழத் தட்டும் உங்களுடையது, பானகமும் உங்களுடையது. நான் இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினாறு வருஷமாகப் பார்த்ததெல்லாம் மாலையின் முடிச்சும் குடைக்காரர் முதுகும்தான்.

வருஷா வருஷம் கூப்பிடுவீர்கள். “ஏம்மா, அங்க நின்னுக்கினு முதுகப் பாக்குற? இப்படி வா.”

“இங்கிருந்தே நல்லா தெரியுதுக்கா” என்பேன். நாலு எட்டு வைத்தால் உங்கள் வாசல். ஒரு தடவைகூட வரவில்லை. அது வீம்பு என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் பிறகு ஒரு சொம்பு பானகம் கொடுத்தனுப்பினீர்களா?

வருஷம் திரும்பாததால் உங்கள் வீட்டில் தட்டு எடுக்கக்கூடாது. எதிர்வீட்டில் எடுக்கட்டும் என்றார்கள் தெருப் பெரியவர்கள். சொல்லக் கூசுகிறது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசலை அடைத்துக் கோலம் போட்டேன். கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டினேன். சாமி தூக்கி வந்தவர்களோ என் பானகத்தைக் குடித்துவிட்டு, அந்தம்மா போடுகிற சுக்கு இதில் இல்லையே என்று பேசிக்கொண்டார்கள். இப்போதும் நீங்கள்தானா?

கற்பூரம் ஏற்றியதும் முதன்முதலாகப் பெருமாளை முகத்துக்கு நேரே பார்த்தேன். அவருக்குப் பின்னால், உங்கள் வாசலில், உங்கள் மகள் சரசு தனியாக நின்றிருந்தாள். இந்தப் பக்கம் வாம்மா என்று கூப்பிட்டேன்.

“இல்ல சித்தி. இங்கிருந்தே நல்லா தெரியுது.”

அதற்குமேல் சாமி முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அங்கிருந்து என்ன தெரியும் என்று எனக்கா தெரியாது? செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். நீங்கள் செத்துத்தான் இது எனக்குக் கிடைத்தது, அக்கா. இப்படிக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் ஆசைப்பட்டிருப்பேனா?

அடுத்த வருஷம் சாமி உங்கள் வாசலுக்கே திரும்பும். சரசு தட்டு எடுப்பாள். சுக்கை நான் இடித்துக் கொடுப்பேன். அன்றைக்குத் தெருவைத் தாண்டி வந்து, நீங்கள் கூப்பிட்ட இடத்தில் அவள் பக்கத்தில் நிற்பேன். பதினாறு வருஷம் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எதிர்வரிசைத் தங்கை,
ஜெகதா