தூரத்திலிருந்தே தெரியும் மஃப்ளர்

என் அருமை நெட்டை அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் இப்படி ஆரம்பித்ததற்கே என் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊருக்கெல்லாம் நீ தமிழரசி, எனக்கு நெட்டை. ஊருக்கெல்லாம் நான் கோமதி, உனக்குக் குட்டை. ஆடி மாதம் காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழுந்திருக்கவே இல்லை. இப்போது மார்கழி முடியப்போகிறது. மெடிக்கலில் மேல்தட்டு மருந்து எட்டாமல் ஸ்டூலைத் தேடும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. மாத்திரை வாங்க வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ, போ.

உன்னிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. எல்லாம் அந்த மஃப்ளரால் வந்தது.

ஞாபகம் இருக்கிறதா? சித்திரை வெயிலில், ஃபேன் காற்றே அனலாக அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மடியில் உல்லன் நூல் உருண்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கையில் குரோஷா ஊசி, எதிரே சொம்பில் சாய்த்து வைத்த போன், அதில் யாரோ பின்னிக் காட்டும் வீடியோ. "ஏன்க்கா, தர்மபுரி வெயில்ல உல்லன் நூலா? பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிருக்கா?" என்றேன்.

"மார்கழிக்கு இப்பவே ஆரம்பிச்சாத்தான்டி ஆவும். அவரு சித்தேரி மலை மேல நைட் ஹால்ட்டு. பனியில பஸ்ஸுக்குள்ளயே படுக்கறாரு. ஒனக்கென்ன, போர்வைக்குள்ள பூனையாட்டம் சுருண்டுக்குவ" என்றாய்.

நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாமா பயந்துபோனார். கருநீலம் ஒரு பட்டை, சாமந்தி மஞ்சள் ஒரு பட்டை. "என்னா தமிழு, பஸ் ஓட்டறதா, புலி வேஷம் கட்டறதா?" என்று கேட்டார். நீ தலையைத் தூக்கவே இல்லை. "அரூர் பஸ் ஸ்டாண்டுல எல்லாருமே காக்கி. அந்தக் கூட்டத்துல எம் புருஷன் எனக்குத் தூரத்துலருந்தே தெரியணும்" என்றாய். மாமாவுக்கு வெட்கம் வந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

நீ போன பிறகு, அரூர் வீட்டைக் காலி செய்தபோது அந்தப் பை கிடைத்தது. பாதி மஃப்ளர், ஊசி கண்ணியிலேயே மாட்டியபடி இருந்தது. ஒரு மஞ்சள் பட்டையின் நடுவில் நிறுத்தியிருந்தாய். பிள்ளை யாழினிக்குப் பால் ஆற்றப் போயிருப்பாய், வந்து தொடரலாம் என்று வைத்திருப்பாய். யாரையும் தொட விடாமல் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் வித்தையை உன் வேலையைப் பார்த்தே கண்டுபிடித்தேன். ஒரு குட்டைப் பின்னல், பக்கத்தில் ஒரு நெட்டைப் பின்னல். திரும்பி வரும்போது குட்டையின் மேல் நெட்டை, நெட்டையின் மேல் குட்டை. அவ்வளவுதான். அதிலேயே துணி முழுக்கப் பொரிப்பொரியாக எழும்பிவிடுகிறது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. நம் இரண்டு பேரையும் வைத்தே பின்னியிருக்கிறாயே என்றும் இருந்தது. சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை.

சுலபம் என்று நினைத்தவள் கொஞ்சத்தில் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு வரிசையின் கடைசிப் பின்னலையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஓரம் பட்டம் மாதிரிக் குறுகிக்கொண்டே போனது. சரி, அவிழ்ப்போம் என்று நூலை இழுத்தேன். குரோஷாவில் அதுதான் ஆபத்து அக்கா, இழுத்தால் நிற்காது. என்னுடையதெல்லாம் அவிழ்ந்து, நிறுத்துவதற்குள் உன் வரிசை ஒன்றும் கூடவே வந்துவிட்டது.

அந்த நூல் நெளிநெளியாக என் மடியில் கிடந்தது. ஒவ்வொரு நெளிவும் உன் விரல் மடித்தது. திரும்ப அதையே பின்ன எனக்கு மனசு வரவில்லை. அதை மட்டும் வெட்டி, சின்ன உருண்டையாகச் சுற்றி வைத்துவிட்டு, வேறு மஞ்சள் நூலை முடிச்சுப் போட்டு ஆரம்பித்தேன். அம்மா கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஒருவழியாக முடித்தேன். உன் பாதி இறுக்கம், என் பாதி தொளதொள. சேர்ந்த இடம் குருடனுக்கும் தெரியும். இருந்தாலும் மஃப்ளர் மஃப்ளர்தானே.

தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. வார லீவுக்கு மாமா, யாழுவைப் பார்க்க இண்டூரில் நம் வீட்டுக்கு வந்திருந்தார். யாழு அன்றைக்கெல்லாம் அவர் முதுகைவிட்டு இறங்கவில்லை. சாயங்காலம் அவர் டூட்டிக்குக் கிளம்பும்போது அவர் தோளிலேயே தூங்கிப்போயிருந்தாள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பை. பனி இறங்க ஆரம்பித்திருந்தது. நான் ஓடிப்போய் மஃப்ளரைக் கொண்டுவந்தேன். வாங்கிக்கொள்ள அவருக்குக் கை இல்லை. எக்கி நின்று கழுத்தில் போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன். நெட்டையின் புருஷனும் நெட்டைதானே, எட்டவே இல்லை.

வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள் நம் பெரியத்தை. அக்கம்பக்கத்துப் பெண்களும் இருந்தார்கள். பெரியத்தை மொச்சையை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தே விட்டாள். "அப்பாடா! நாங்கல்லாம் எப்படிக் கேக்கறதுன்னு முழிச்சிக்கிட்டிருந்தம். புள்ள வாயத் தொறக்காமயே கழுத்துல போட்டுடுச்சு!"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. மஞ்சள் பட்டை போட்ட மஃப்ளர், தூரப் பார்வைக்குச் சாமந்தி மாலை. அக்கா செத்தால் தங்கச்சியைக் கட்டிவைத்துப் பிள்ளையைக் காப்பாற்றுவது நம் சனத்துக்குப் புதிதா? காரியம் முடிந்த அன்றிலிருந்தே அந்தப் பேச்சு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்திருக்கிறது. என் காதுக்குத்தான் வரவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார். யாழுவை என் தோளுக்கு மாற்றிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மஃப்ளரைக் கழற்றவில்லை. குளிருக்குக் கழற்றவில்லை என்று நான் நினைத்தேன், சம்மதம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

செய்தி நம் தெருவைத் தாண்டி உன் மாமியார் ஊர் கம்பைநல்லூருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உன் மாமியாரும் மாமனாரும் மாமாவையும் கூட்டிக்கொண்டு பூவும் பழமும் வெற்றிலையுமாகத் தட்டோடு வந்து இறங்கிவிட்டார்கள். "தை பொறந்ததும் கோயில்ல வச்சி சிம்பிளா முடிச்சிக்கலாங்க" என்றார் உன் மாமனார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாழுவைக் காட்டி, கண்ணாலேயே கெஞ்சினாள். அம்மா கெஞ்சி நான் பார்த்ததே இல்லை அக்கா.

நீயே சொல்லு, நான் என்ன செய்திருக்க வேண்டும்? யாழுவுக்காக என் இரண்டு கண்ணையும் கேட்டாலும் கொடுப்பேன். ஆனால் உன் புருஷனை நான் எப்படிக் கட்டுவேன்? உன் கல்யாணத்தன்று அவர் செருப்பை ஒளித்துவைத்துக் காசு பிடுங்கியவள் நான். எனக்கு அவர் மாமா, வேறு எதுவும் இல்லை. எனக்கென்று ஒரு ஆசை இருக்கக்கூடாதா என்றும் கோபம் வந்தது. பிள்ளை முகத்தைப் பார்த்தால் அந்தக் கோபமே பாவமாகத் தெரிந்தது.

"எனக்கு வேணாங்க" என்று சொல்லிவிட்டேன். "குளிருதேன்னு போட்டன். மாலையா நெனச்சிப் போடல."

"வாய மூடுடி" என்றாள் பெரியத்தை. "தானா வந்த லட்சுமிய எட்டி ஒதைக்காத. அந்தப் புள்ள மூஞ்சியப் பாரு."

"மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்" என்றேன்.

மாமா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அதே மஃப்ளர். மெதுவாக அவிழ்த்து மடியில் விரித்தார். சேர்ந்த இடத்தைக் கண்ணால் தேடவில்லை, விரலே போய் நின்றது. "இது வரைக்கும் தமிழு" என்றார். "ராத்திரி பஸ்ஸுல படுத்தா இந்தப் பக்கத்தத்தான் கழுத்துகிட்ட வச்சிக்கறன். அந்தப் பக்கமும் நல்லாத்தான் இருக்குது, கோமதி பாவம், அவ அக்காவுக்காவப் போட்டுக் குடுத்தா. ஆனா கை வேறன்னு தெரியுதுங்க."

"எல்லாம் போவப் போவ சரியாயிடும் தம்பி" என்றாள் பெரியத்தை.

"ஆயிடும் பெரிம்மா" என்றார் மாமா. "அதான் எனக்குப் பயமா இருக்குது."

உன் மாமியார்தான் முதலில் எழுந்தார். ஆற்றி வைத்த காபி அப்படியே இருந்தது. "அப்ப எங்க வூட்டுப் புள்ளைய நாங்க வளத்துக்கறம். பொங்கல் கழிச்சி வந்து கூட்டிக்கிட்டுப் போறம். அங்கயே இஸ்கோல்ல சேத்துக்கறம்" என்றார். மாமாவைப் பார்த்தேன். ஆத்தா பேச்சுக்கு அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு நாளைக்கு ஒரு 'மாட்டேன்'தான் அவரால் முடியும் போலிருக்கிறது. மஃப்ளரை எடுத்து இந்தத் தடவை தானே சுற்றிக்கொண்டு போனார்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள், பேசுவதில்லை. நான் செய்தது சரிதானா என்று யாரிடம் கேட்பேன்? உன்னிடம்தான் கேட்கிறேன். எனக்கு வேண்டாதது எனக்கு வரவில்லை. வேண்டியதும் கையைவிட்டுப் போகிறது. நீ என்னைத் திட்டுவாயா, தட்டிக்கொடுப்பாயா? எதுவானாலும் கனவிலாவது வந்து சொல்லிவிட்டுப் போயேன்.

நேற்று யாழுவின் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, மடித்ததை எல்லாம் கலைத்துக்கொண்டிருந்தாள். உன் பிள்ளையாயிற்றே, சும்மா இருப்பாளா? திடீரென்று கேட்டாள்: "சித்தி, நான் அந்த ஊருக்குப் போய்ட்டா, அம்மா இங்க வந்து தேடுமே. அப்ப யாரு சொல்றது?"

நம் வீட்டில் எல்லோரும் அவளிடம் "அம்மா ஊருக்குப் போயிருக்குது" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு குழந்தை எவ்வளவு கணக்காக யோசித்திருக்கிறது பார். "நான் சொல்றன் பாப்பா" என்றேன்.

"மறக்காம?"

"மறக்காம."

அதனால்தான் அக்கா இந்தக் கடிதம். சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். யாழு பொங்கல் கழித்து இங்கே இருக்க மாட்டாள். கம்பைநல்லூரில் உன் மாமியார் வீட்டில் இருப்பாள். தேடி இண்டூர் வந்து திரும்பிப் போய்விடாதே.

அவளுக்கு ஒரு குட்டி மஃப்ளர் பின்னிக்கொண்டிருக்கிறேன். அதே கருநீலம், அதே சாமந்தி மஞ்சள். முதல் வரிசைக்கு, வெட்டி வைத்தேனே, உன் நெளிவு போகாத நூல், அதைத்தான் எடுத்தேன். பின்னப் பின்ன என் கையும் உன் கை மாதிரி இறுகிக்கொண்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கம்பைநல்லூர் பஸ் ஏறுவேன், உன் மாமியார் கதவைத் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி. பிள்ளை வளர வளர மார்கழிக்கு மார்கழி பெரிதாகப் பின்னிக்கொடுப்பேன். நிறத்தை மட்டும் மாற்ற மாட்டேன். இது சத்தியம்.

பள்ளிக்கூடம் விட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே யூனிஃபார்மில்தான் வரும் அக்கா. நீ குழம்ப வேண்டாம். கழுத்தைப் பார். உனக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

எக்கி எக்கி உன்னைத் தேடும் உன் தங்கச்சி,
குட்டை