செங்காவி அடித்த ஆர்க்கிட் செடியை விடுவிக்கக் கோருதல்

அனுப்புநர்:
ஜெபமணி வசந்தகுமார்,
முதுநிலைச் செவிலியர்,
அரசு ஊழியர் குடியிருப்பு,
கோர்படி, புணே.

பெறுநர்:
திரு. கிருஷ்ணஸ்வாமி அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்பு அதிகாரி,
புணே.

பொருள்: என் செடியை என்னோடு எடுத்துச்செல்ல அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். தாங்களும் தமிழர் என்று அறிந்து, இந்தியில் சொல்லி விளங்காததைத் தமிழில் எழுதத் துணிகிறேன்.

2. குன்னூர் நர்சரியில் வாங்கிய ஆர்க்கிட் ஒன்றை என் ஜன்னலோர மாமரத்தில் கட்டி ஒன்பது ஆண்டுகளாக வளர்க்கிறேன். அது மரத்தைப் பிடித்துக்கொண்டு வாழுமே தவிர, மரத்திலிருந்து எதையும் உறிஞ்சாது. நம் குடியிருப்பில் அப்படி வாழ்வது அது ஒன்றுதான். மலைக்குளிரில் வளரும் செடி என்பதால் கோடையில் தினமும் ஈரச்சாக்கு கட்டி ஐஸ் தண்ணீர் தெளிக்கிறேன். தமக்கு இந்தக் கவனிப்பு கிடைத்ததில்லை என்பது என் கணவரின் தனிப் புகார்.

3. சென்ற மாதம் மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று, வழக்கம்போல் அசையாமல் நின்ற எல்லாவற்றுக்கும் செங்காவியும் சுண்ணாம்பும் அடித்தார்கள். மரத்தோடு சேர்த்து என் செடிக்கும் அடித்துவிட்டார்கள். செடியில் அங்கங்கே வர்ணம் பட்டிருக்கிறது என்று இந்தியில் புகார் கொடுத்தேன். மறுநாளே நடவடிக்கை எடுத்து, விட்டுப்போன இலைகளுக்கும் அடித்து முடித்தார்கள்.

4. அப்படியும் அது முதன்முறையாகப் பூத்தது. மேலதிகாரி மரத்தடியில் நின்று வாசனையை ரசித்து, தங்கள் பராமரிப்பைப் பாராட்டிச் சான்றிதழ் கொடுத்தார். அது தங்கள் அறையில் மாட்டியிருப்பதைப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டம் நன்றாக இருக்கிறது. ஒன்பது வருடம் ஒரு மொட்டுக்காகக் காத்திருந்தவள் நான், ஐயா. எனக்கு வயிறு எரிந்தது.

5. இம்மாதக் கடைசியில் ஓய்வு பெற்றுக் குன்னூருக்கே குடிபோகிறேன். செடியைக் கழற்றப்போனபோது தங்கள் எழுத்தர் மாதவ் தடுத்தார். செங்காவி அடித்ததெல்லாம் அரசுச் சொத்தாம். எடுத்தால் வீட்டை ஒப்படைத்த சான்று கிடைக்காதாம். வர்ணம் அடித்த அன்று ஈரம் காயாத சிமெண்ட் பெஞ்சில் சாய்ந்ததில் என் கணவரின் முதுகிலும் செங்காவி ஒட்டியது. அவரையாவது அழைத்துப்போகலாமா என்பதையும் தெரிவிக்கவும்.

6. செடியை விடுவித்து உத்தரவிட வேண்டுகிறேன். இயலாதென்றால், மார்ச் முதல் தேதியிலிருந்து உச்சிவெயிலில் ஐஸ் தண்ணீர் தெளிக்க ஓர் ஆளை நியமியுங்கள். ஒரு வாரம் தவறினாலும் கருகிவிடும். தான் அரசுச் சொத்தாகிவிட்டது அந்தச் செடிக்குத் தெரியாது. மதியமானால் அது என்னைத்தான் எதிர்பார்க்கும்.

பணிவும் சற்றே கோபமும் உள்ள,
ஜெபமணி வசந்தகுமார்

இடம்: புணே
நாள்: 17.02.2026