நான் அடித்த கொடுவா

ஞாயிறு, இரவு பதினொன்றரை

"இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள்" என்று தொடங்கி, இன்று ஆற்றங்கரையில் என் பக்கத்தில் நின்ற ஜேனுக்குச் செய்தி அனுப்பினேன்.

மகள் பிறந்தபின் வீட்டோடேயே கிடந்தேன்; யாரோடாவது பேசலாம் என்றுதான் தேம்ஸ் முகத்துவாரத்தில் நடந்த கொடுவா மீன் தூண்டில் போட்டிக்குப் போனேன். விதிகளைச் சொன்னபோது, பிள்ளை பால் குடித்தாளா என்று வீட்டுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தேன். தெரியாத ஆறுதான், ஆனாலும் பெரிய மீன் எனக்கே அகப்பட்டது. ஜேன் கைதட்டினாள். நான் மன்னாரில் மீன் பிடித்த பழக்கத்தில் அதன் தலையில் ஓங்கி அடித்தேன். அளந்துவிட்டு உயிரோடு விடவேண்டுமாம். போட்டியிலிருந்து என் பெயரை வெட்டினார்கள். ஜேன் தள்ளிப்போய் நின்றாள்.

"கப் போனாப் போகட்டும், குழம்பு வந்திட்டுதெல்லே!" என்று வீட்டில் என் கணவர் சிரித்தார்.

"நீங்களே சாப்பிடுங்கோ" என்றேன். போனை எடுத்தேன்.

செய்தியை இப்படி முடித்தேன்: "தெரியாமல் செய்துவிட்டேன். அடுத்த முறையும் உங்கள் பக்கத்தில் நிற்கலாமா? சீக்கிரம் பதில் போடுங்கள்."