ஒன்பது வருஷ வண்டியும் ஒரு வருஷ வண்டியும்

ஆனால் அடுத்த வண்டி புதுசா பழசா என்று மட்டுமாவது நீ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், என் ராசா, என் தம்பி சேகர். மற்றதெல்லாம் சொன்னாயே. எந்தக் கடையில் ஏர்கானை எப்போது கழுவ வேண்டும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த அங்கிள் காசு கொடுக்காமல் இழுத்தடிப்பார் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே உன் மகள் கௌசிக்கு ஒப்பித்தாய். வண்டி போய்விட்டால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லவில்லை.

போய்விட்டது தம்பி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடை வாசலில், பின்னால் ஏணியும் ஏர்கானுக்கு அடைக்கிற கேஸ் தோம்புமாக, உன் பழைய பிக்கப் அப்படியே நின்றுவிட்டது. சுற்றி ஒரே ஹாரன். இழுத்துக்கொண்டு போய்ப் போட்ட இடத்தில் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "அக்கா, இதுக்குச் செலவு பண்றது பொணத்துக்கு மருந்து வாங்குற மாதிரி" என்றார். கௌசி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் தொழிலை எடுத்து நடத்துகிறவள், வண்டி இல்லாமல் அவளுக்கு ஏது வேலை? ஏணியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக முடியுமா?

முதலில் நம்ம கிள்ளானிலேயே ஒரு ஷோரூமுக்குப் போனோம். உள்ளே அம்மன் கோயில் திருவிழா மாதிரி அப்படி ஒரு வெளிச்சம். நம்ம தமிழ்ப் பெண் ஒருத்திதான் விற்கிறாள். "ஆன்டி, ஏறி உக்காந்து பாருங்க லா, ஃப்ரீதான்" என்றாள். அவ்வளவு உயரத்தில் படி வைத்திருக்கிறார்கள். என் சேலை மாட்டி, கௌசி பின்னாலிருந்து தள்ளி, ஒரு வழியாக ஏறினேன். கௌசி வண்டியைப் பார்க்காமல் ஏர்கான் ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தாள். அப்பன் புத்தி.

"ஒன்பது வருஷம் லோன் போடலாம் ஆன்டி. மாசாமாசம் கட்டிக்கிட்டே போனா தெரியவே தெரியாது" என்றாள் அந்தப் பெண்.

ஒன்பது வருஷம்! எனக்கு அந்த நிமிஷம் என்ன தோன்றியது தெரியுமா? ஒன்பது வருஷம் கட்ட வேண்டுமென்றால் ஒன்பது வருஷம் கௌசி இந்தக் கிள்ளான் வீட்டில்தான் இருப்பாள். கல்யாணம் ஆனாலும் இங்கேதான் சுற்றிச் சுற்றி வருவாள். தாய் இல்லாத பிள்ளை என்று நான் அவளுக்குத் தலை பின்னிவிட வந்தேன், எனக்கும் புருஷன் போய்ப் பிள்ளை இல்லாமல் நின்ற நேரம். இப்போது நீயும் இல்லை. இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த வண்டியைவிட அந்த ஒன்பது வருஷம்தான் எனக்குப் பிடித்திருந்தது.

"எதுக்கு அத்தை சிரிக்கிறீங்க?"

"வண்டி நல்லா இருக்கு கண்ணு."

"நீங்க வண்டியவே பாக்கல."

வீட்டுக்கு வந்தும் அவள் பிடி கொடுக்கவில்லை. சரி, அம்மனிடமே கேட்போம், பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். வெள்ளைப் பூ வந்தால் புதுசு, சிவப்புப் பூ வந்தால் பழசு. இலையில் மடித்துப் பொட்டலம் கட்டியது நான்தான். பூசாரி அம்மன் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். கௌசி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, மெல்லக் கையை நீட்டி, அடுத்ததையும் எடுத்துப் பிரித்தாள்.

அதுவும் வெள்ளைதான் தம்பி.

"சாமிகிட்டயேவா அத்தை?"

"அவளுக்குத்தான் எவ்வளவோ வேலை இருக்கே, கொஞ்சம் சுலபமாக்கிக் குடுத்தேன்" என்றேன். பூசாரி இருமுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கௌசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே செருப்பு மாட்டும்போது சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. "அவ்வளவு ஆசையா உங்களுக்குப் புது வண்டி மேல?" என்று கேட்டாள். பழைய வண்டி வழியில் நின்றால் பெண்பிள்ளை நீ என்ன செய்வாய் என்று ஏதோ சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் முழுசாக உண்மை இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஏர்கான் வகுப்பு. அதனால் சனிக்கிழமையே பூச்சோங்கில் பழைய வண்டி விற்கிற இடத்துக்குப் போனோம். கடைக்காரர் நெற்றி நிறையத் திருநீறு. எனக்குப் பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிட்டது. கௌசிக்கு வரவில்லை. சாம்பல் நிற வண்டி ஒன்றில் ஏறி, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மோந்து பார்த்தாள். வெள்ளத்தில் கிடந்த வண்டியென்றால் பெல்ட்டின் அடியில் சேறு இருக்குமாம்.

"என்ன தங்கச்சி, எனக்கே செக்கிங்கா?"

"உங்களுக்கு இல்லண்ணே, வண்டிக்கு."

அந்த மனுஷன் சிரித்துவிட்டு, நான் கேட்காமலேயே சொன்னார். "கோயிலுக்குப் போறவன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் தாராளமா ஓடும். அதுக்கு மேல கியர்பாக்ஸ் தகராறு பண்ணும். அதுக்கு நான் பொறுப்பு இல்ல லா."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவராகவே சொல்லிவிட்டாரே, இனி யார் வாங்குவார்கள்? கௌசி கையைப் பிடித்து, வா போகலாம் என்று இழுத்தேன்.

அவள் நகரவில்லை. "ஒரு வருஷம் போதும்ணே" என்றாள்.

சத்தியமாக எனக்கு அப்போது புரியவில்லை தம்பி. கிராப் வாடகைக் காரில் திரும்பி வரும்போதுதான் சொன்னாள். முன்னால் ஓட்டுகிறவர் காதில் விழாமல், மடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அடுத்த வருஷம் முடிகிறதாம். பெரிய கட்டடங்களில் ஏர்கான் வேலை பார்க்கிற படிப்பாம். பாஸ் செய்ததும் சிங்கப்பூரில் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்கிறதாம். நான் என்னவோ நம்ம தொழிலுக்குத்தான் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

"நானும் வரட்டுமா கௌசி?"

"கேட்டுப் பாத்தேன் அத்தை. அம்மா அப்பான்னா ஏதாச்சும் வழி இருக்காம். அத்தைக்கெல்லாம் அங்க தங்குறதுக்குப் பாஸ் குடுக்க மாட்டாங்களாம்."

அவள் கேட்டுப் பார்த்தாள் என்பதே எனக்குப் பெரிசு. ஆனாலும் தலை பின்னிவிட்டதெல்லாம் எந்த ஊர்க் கணக்கில் வரும், நீ சொல்லு? அவளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. ஏணி ஏறி ஏறி முழங்கால் போய் நீ கிடந்ததை அவளும்தானே பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்துவிட்டது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். நசுக்கிக்கொண்டு ஒழுங்காகத்தான் கிளம்பியது. தினமும் காலையில் அது போகிற சத்தம் கேட்டதும் சாமி விளக்கு முன்னால் போய் நிற்கிறேன். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. நன்றாக ஓடட்டும் என்று கேட்டால் ஓடி முடித்துவிட்டுப் போய்விடுவாள். நிற்கட்டும் என்று கேட்டால் பிள்ளை நடுரோட்டில் நிற்பாள். இப்படி வாயடைத்து நின்று நீ என்னைப் பார்த்திருக்கிறாயா? நானா, வாயாடி அக்காவா என்று கேட்டிருப்பாய். நீ இருந்தால் எதைக் கேட்கச் சொல்வாய்? இல்லை, நீ இருந்தாலும் அவள் போகத்தான் போவாளா?

பகலில் பாதி நேரம் டிவியைப் போட்டு வைத்திருக்கிறேன். பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கட்டுமே என்றுதான். இப்போதே இப்படி.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். அவள் பரீட்சையில் தோற்க வேண்டும் என்று அம்மனிடம் கேட்க மாட்டேன். நாக்கு நுனிவரைக்கும் வருகிறது, ஒளிக்கவில்லை. வந்தாலும் விழுங்கிக்கொள்வேன். அதற்கு மேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதே.

கௌசிக்கு அத்தையாகவும் உனக்கு அக்காவாகவும் இன்னும் இங்கேயே இருக்கிற,
செல்வமணி

கையெழுத்துப் போட்டு எழுந்த பிறகு ஞாபகம் வருகிறது. உன் பழைய வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, தீபாவளிக்கு முன்னால், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாம் மாக்சிக் என்று கூப்பிடுவோமே அவர், வேலிக்கு மேலே எதையோ ஆட்டிக் காட்டிச் சிரித்தார். நம் வீட்டுச் சாவி. நான் தனியாக இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் திறந்து பார்க்கச் சொல்லி, கௌசி கொடுத்து வைத்திருந்தாளாம். அவள் வேலைக்குப் போகிற பகல் நேரத்துக்கு என்றுதான் அப்போது நினைத்தேன்.