பதினாலு பேரில் ஒருத்தி

கொல்கத்தா
8 ஜூலை 2024

அடியே வித்யா,

சௌக்கியமா? வாட்ஸப்பில் எழுதினா பார்த்துட்டு அப்புறம்னு விட்டுடுவே, அதனாலதான் ஸ்பீட் போஸ்ட். நீ சென்னை வெயில்ல வெந்துண்டிருப்பே. இங்கே விடாத மழை. நம்ம ஆராய்ச்சி சென்டர் மாடி ஒழுகறது, உன் பழைய ரூம்ல ரெண்டு வாளி வச்சிருக்கோம். எங்காத்துக்காரர் மஹாதேவன் உன்னை ரொம்ப விசாரிச்சார்.

விஷயத்துக்கு வரேன். ஹவுராவுல குழந்தைகள்கிட்ட எடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட் இப்பத்தான் வந்தது. லேப்ல மெஷின் ரிப்பேர்னு ஏழு மாசம் இழுத்தடிச்சாளே, அதுதான். இருநூத்திப் பன்னிரண்டு குழந்தைகள். எல்லாருக்குமே ஈயம் கொஞ்சம் கூடத்தான். பழைய பேட்டரியை உடைச்சு உருக்கற சந்துல வேற எப்படி இருக்கும்? ஆனா ஹெச் 117னு ஒண்ணு. அறுபத்திரண்டு! அஞ்சைத் தாண்டினாலே கவலைப்படணும், நாப்பத்தஞ்சுன்னா ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு நீதானே எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தே. தாளில் இருக்கறது அந்த நம்பர், பெண், வயசு நாலு. அவ்வளவுதான்.

எந்த நம்பர் எந்தக் குழந்தைன்னு எழுதியிருந்த பதிவேட்டை, ப்ராஜெக்ட் முடிஞ்சதுன்னு ஏப்ரல்ல காகிதம் கிழிக்கற மெஷின்ல போட்டுக் கிழிச்சோம். நீ பக்கம் பக்கமா எடுத்துக் கொடுத்தே, நான் உள்ளே விட்டேன். நடுவுல டீ வேற குடிச்சோம். உன்கிட்ட ஒரு காப்பி, போன்ல ஒரு போட்டோ, ஏதாவது இருக்காடி? உடனே சொல்லு.

உன்
ஜலஜா


சென்னை
16 ஜூலை 2024

என் அருமை ஜலுவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். படிச்சதும் அது பறந்துடுத்து. காப்பி இல்லைடி. வச்சுக்கக் கூடாதுன்னு விதி எழுதினவளே நான், நானே எப்படி வச்சுப்பேன்? குழந்தை பேர் பட்டறை முதலாளி காதுக்குப் போனா அப்பாவுக்கு வேலை போயிடும்னுதானே அந்த ஏற்பாடே.

அம்மாக்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவங்கள் பீரோவில் இருக்கும். அதுல பேரும் வயசும் உண்டு. நம்பர்தான் கிடையாது, அது குலுக்கிப் போட்டுக் கொடுத்தது. நாலு வயசுப் பெண்களை மட்டும் பிரிச்சுப் பாரேன்.

இங்கே புது வேலை மூச்சு விட விடலை. ஆட்டோக்காரர் என் தமிழைக் கேட்டுட்டு "எந்த ஊரும்மா நீங்க?"ங்கறார். ஐம்பத்திரண்டு வயசுல சொந்த பாஷையில அன்னியமாயிட்டேன், போ. உடம்பைப் பார்த்துக்கோ, மழையில அலையாதே.

ஆசையுடன்
வித்யா


கொல்கத்தா
6 ஆகஸ்ட் 2024

அன்பு வித்யா,

பிரிச்சுட்டேன். நாலு வயசுப் பெண்கள் பதினாலு பேர். பாபு காட் படித்துறையிலேர்ந்து படகு ஏறி ஹவுரா போய் ஒவ்வொரு வீடா நிக்கறேன். மழையில அலையாதேங்கறே, வேற யார் அலைவா?

என்ன சொல்றதுன்னு தெரியலைடி. "உன் குழந்தையா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், மறுபடி ரத்தம் எடுக்கணும்"னா எந்த அம்மாதான் கேப்பா? "போன தடவை எடுத்தீங்களே, என்ன ஆச்சு தீதி?"ங்கறா. பிஸ்கெட்டும் பலூனும் கொடுத்துட்டு ஒன்பது மாசம் நான் அந்தப் பக்கமே தலைகாட்டலை. எந்த முகத்தோட பதில் சொல்றது?

சுப்ரியான்னு ஒரு குழந்தை. அவ அப்பா பேட்டரி உடைக்கிறவர். அம்மா என் கையைப் பிடிச்சுண்டா. "என் பொண்ணுதானான்னு மட்டும் சொல்லு தீதி. ஆமான்னா இப்பவே தூக்கிண்டு வரேன். இல்லைன்னா எதுக்கு மறுபடி குத்தணும்? பட்டறையிலே கேள்வி கேப்பாங்க." எனக்குத் தெரியாதும்மான்னேன். குழந்தையை இழுத்துண்டு உள்ளே போயிட்டா. குழந்தை சோகையா இருந்தா. ஆனா அங்கே எல்லாக் குழந்தையும் அப்படித்தானே இருக்கு?

இப்ப டைரக்டர் நாற்காலியில இருக்கிற குருபிரசாத் சார்கிட்ட அழாத குறையாக் கேட்டேன். "ப்ராஜெக்ட் மூடியாச்சு, மறுபடி ரத்தம் எடுக்க நமக்கு உரிமையே இல்லை. ரிசல்ட் வரதுக்கு முன்னாடியே பதிவேட்டைக் கிழிச்சது எங்க தப்புன்னு தலைமை ஆராய்ச்சியாளர் எழுதிக் கொடுத்தா, எதிக்ஸ் கமிட்டி அவசரம்னு எடுத்துக்கும். ஹெல்த் டிபார்ட்மெண்டே டாக்டரோட வீட்டுக்கு வரும்"னார். தலைமை நீதான். ஒரு பக்கம் போதும் வித்யா. இன்னிக்கே எழுதேன்.

உன்
ஜலஜா


சென்னை
20 ஆகஸ்ட் 2024

ஜலு,

கோவிச்சுக்காதே. நாலு தடவை எழுத உக்காந்தேன், எழுந்துட்டேன். "எங்க தப்பு"ன்னு எழுதினா அது எங்கெல்லாம் போகும்னு உனக்குத் தெரியும். இங்கே ஆறு மாசம் தகுதிகாண் காலம், அக்டோபர் கடைசியில முடியறது. என் பொண்ணு பிரியங்கா கல்யாணப் பேச்சு வேற நடந்துண்டிருக்கு. வக்கீலைக் கேட்டுண்டு எழுதறேன். கொஞ்சம் பொறு. அந்தக் குழந்தை எனக்கும் குழந்தை மாதிரிதான்.

வித்யா


கொல்கத்தா
30 செப்டம்பர் 2024

வித்யா,

நாப்பது நாளா உன் வக்கீல் வாயைத் திறக்கலையா?

பதிமூணு அம்மாக்களைக் கெஞ்சி, ஒருத்தி காலில்கூட விழுந்து, கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிண்டு போனேன். பதிமூணு பேருக்கும் ரிசல்ட் வந்தாச்சு. ஒருத்திக்குக்கூட இருபதைத் தாண்டலை.

மிச்சம் சுப்ரியா. அவதான்டி.

அன்னிக்கே ஓடினேன். வீடு பூட்டியிருக்கு. மூணு வாரம் முன்னாடி குழந்தைக்கு வலிப்பு வந்ததாம், யாரோ மந்திரிச்சுக் கயிறு கட்டினாளாம். அப்புறம் வேற ஊர்ல பேட்டரி வேலை கிடைச்சதுன்னு குடும்பத்தோட கிளம்பிட்டா. எந்த ஊர்னு யாருக்கும் தெரியலை. போன் ஸ்விட்ச் ஆஃப். போன இடத்துலேயும் ஈயம்தான்.

"என் பொண்ணுதானா, சொல்லு"ன்னு கேட்டாளே, அன்னிக்கு ஆமாம்னு ஒரு பொய் சொல்லியிருந்தா போறுமே வித்யா! அது பொய்யாக்கூட இருந்திருக்காது. தெரியாததைத் தெரியும்னு சொல்லக் கூடாதுன்னு இருபத்தி மூணு வருஷமா சென்டர்ல படிச்ச படிப்பு, வாயை அடைச்சுடுத்து. சோறு இறங்கலை. மஹாதேவன் திட்டறார்.

ரிசல்ட் வரட்டும், அப்புறம் கிழிக்கலாம்னு அன்னிக்கு நான் சொன்னேன், ஞாபகம் இருக்கா? ஏப்ரல் முப்பதுக்குள்ள ஃபைலை மூடினாத்தான் உனக்கு ரிலீவிங் ஆர்டர்னு நீ சொன்னே. "சராசரி போதும்டி, பேப்பர் எழுத"ன்னே. நானும் சரின்னு தலையை ஆட்டினேன். அந்தப் பாவத்துல எனக்குப் பாதி. இல்லைன்னு சொல்லலை.

ஊர் ஊராத் தேட டிபார்ட்மெண்டாலதான் முடியும். அதுக்கு அந்த ஒரு பக்கம் வேணும். காலில் விழறேன்.

ஜலஜா


சென்னை
9 அக்டோபர் 2024

அன்புள்ள ஜலஜாவுக்கு,

பூஜை வாழ்த்துகள். உன் கடிதம் படித்து மிகவும் வருந்தினேன். நன்கு ஆலோசித்ததில், முடிந்துபோன ஆய்வு பற்றி நான் எழுத்து மூலம் எதுவும் தெரிவிப்பது சரியல்ல என்று சொல்கிறார்கள். குழந்தையின் நலத்துக்காகப் பிரார்த்தனை செய்கிறேன். இனி இது பற்றி எழுதுவதானால், தயவுசெய்து என் அலுவலக முகவரிக்கு எழுதவும். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

வித்யாலக்ஷ்மி


கொல்கத்தா
25 அக்டோபர் 2024

வித்யாலக்ஷ்மிக்கு,

உன் வீட்டு முகவரிக்கேதான் எழுதறேன். பயப்படாதே, வேற யார் கண்ணிலும் படாது.

தலைமைதான் எழுதணும்னாரே, கிழிச்சவளே குத்தத்தை ஏத்துண்டா கமிட்டி தள்ள முடியாதுன்னு அந்தக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்துட்டேன். பதிவேட்டை யாரையும் கேக்காம, ரிசல்ட் வரும்னு தெரிஞ்சிருந்தும், நானா கிழிச்சேன்னு எழுதினேன். உன் பேர் ஒரு இடத்துலகூட இல்லை. கிழிக்கலாம்னு நீ கையெழுத்துப் போட்ட தாளும் அன்னிக்கே பதிவேட்டோட போயிடுத்து, அதனால நம்பிட்டா. குருபிரசாத் சாருக்கு உண்மை தெரியும். இருந்தும் வாங்கி வச்சுண்டார். மறுநாளே சஸ்பென்ஷன். பென்ஷன் என்னாகும்னு தெரியலை. ஆனா கமிட்டி கூடித்து, டிபார்ட்மெண்ட் எல்லா மாவட்டத்துக்கும் சுப்ரியா பேரை அனுப்பியிருக்கு. ஆகஸ்ட்லேயே இது நடந்திருக்கணும். அப்ப அவ அஞ்சாவது சந்துல மூணாவது வீட்டுல இருந்தா.

இதுவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. நானும் சும்மா இருக்க முடியாம, பேட்டரி உடைக்கிற இடம் எங்கே இருக்குன்னு கேட்டுக் கேட்டு பஸ் ஏறறேன். போட்டோ கிடையாது. ஆய்வுக் குழந்தைகளைப் போட்டோ எடுக்கக் கூடாதே, அதுவும் நம்ம விதிதான். ஒல்லியா, நாலஞ்சு வயசுல ஒரு பெண்ணுன்னு சொல்றேன். எல்லாரும் ஆளுக்கொரு குழந்தையைக் காட்டறா.

உன்மேல கோபம் இருக்கு. நிறைய இருக்கு. பதினோரு வயசுலேர்ந்து சிநேகிதம், அதனாலதான் இவ்வளவு. உன் வேலை நிரந்தரமாகட்டும், பிரியங்கா கல்யாணம் நன்னா நடக்கட்டும், பத்திரிகை மட்டும் அனுப்பாதே.

நீ எழுத வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். அதை எழுதலை. இனிமே எனக்கும் எழுத வேண்டாம்.

ஜலஜா