வேப்பங்கட்டைகளை இறக்கி வைத்தேன்

செவ்வாய், இரவு.

வெந்நீர் அடுப்புக்கு விறகு தீர்ந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு வீட்டில் வேப்பமரம் வெட்டி, விறகு இலவசம் என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். நேற்றே போனில் அனுமதி கேட்டு, சொன்ன நேரத்துக்குச் சொந்தக் கயிறோடு போனேன். ஆட்டோவில் ஏற்றி முடித்த பிறகுதான் வீட்டுக்காரப் பெண் வெளியே வந்தாள்.

“பெரிய கட்டையெல்லாம் எறக்கிருங்க பாட்டி. பிரியாணிக் கடைக்காரர் கேக்குறாரு. சும்மா வாங்குறவங்களுக்கு அம்புட்டும் வேணுமாக்கும்?”

“சுள்ளியாச்சும் கொண்டு போவோம்மா,” என்றார் ஆட்டோக்காரர்.

“ஒரு குச்சிகூட வேண்டாம். எல்லாத்தையும் எறக்குங்க,” என்றேன் அவரிடம்.

இறக்கியதை வாசலோரம் வரிசையாக அடுக்கினேன். சிந்திய பட்டைகளையும் கூட்டி அள்ளினேன். அவளுக்கு முகம் செத்துவிட்டது. “காப்பி குடிச்சிட்டுப் போங்கம்மா,” என்றாள். வேண்டாம் என்று, கான்வென்ட் பள்ளியில் பழகியபடி நன்றி சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினேன்.

காலையில் பச்சைத் தண்ணீர்தான். மூட்டுகள் புலம்பும். புலம்பட்டும்.