அதே மாத்திரைதானே

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகம். உன் அண்ணியின் முழங்கால் வலி குறைந்து, மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறுகிறாள். மேல்வீட்டுக்காரர் ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டியை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார். போனில் சொல்லக்கூடியதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ சிரித்துவிட்டால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு பேசிவிடுகிறேன். காகிதம் சிரிக்காது.

பைண்டிங் பட்டறையில் பாடநூல் வேலை குவிந்து கிடப்பதாகச் சொன்னாய். கட்டிங் மெஷினில் உன்னைத் தவிர வேறு யாரையும் முதலாளி நிற்க விடுவதில்லை என்றபோது உன் குரலில் இருந்த பெருமையைக் கவனித்தேன். வீட்டில் பேச ஆள் இல்லாமல் போன பிறகு உனக்கு அந்த மெஷின்தான் துணை. அதனாலேயே இதை எழுதத் தயங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "காலையில அந்த மாத்திரையப் போட்டா கண்ணு சொக்குதுண்ணா. அளவுக்கோடு ரெண்டாத் தெரியுது. அதான் காலையில விட்டுட்டு ராத்திரி சேத்து ரெண்டாப் போட்டுக்கறேன். கணக்கு சரியாப் போச்சுல்ல?" என்றாய். நான் ஏதோ முனகியதும், "நீ மொத்தமாவே நிறுத்தினியே, என்ன ஆயிடுச்சு உனக்கு? அதே மாத்திரைதானே" என்று சிரித்தாய். நான் "சரி, பாத்துக்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த உன் அண்ணி, "என்ன சரி? எதைப் பாத்துக்கணுமாம்?" என்று கேட்டாள்.

நம் இருவருக்கும் ஒரே மாத்திரைதான். எனக்கு அக்கி ஆறிய பிறகும் விலாவில் எரிச்சல் அடங்காததால் நரம்பு வலிக்கு என்று கொடுத்தார்கள். உனக்கு வலிப்புக்கு. நான் நிறுத்தியதும் உண்மைதான். ஒன்றும் ஆகவில்லை என்று உன்னிடம் சொன்னதுதான் உண்மையில்லை.

எரிச்சல் தணிந்ததும், இனி எதற்கு என்று நானே முடிவு செய்து நிறுத்தினேன். தூக்கம் போயிற்று. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் சட்டை தொப்பலாக நனைந்தது. கை நடுங்கி மடியில் தேநீரைக் கொட்டிக்கொண்டேன். உன் அண்ணிதான் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் திட்டவில்லை. "நிறுத்தணும்னு தோணினா எங்கிட்ட வந்து சொல்லுங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுத்தான் நிறுத்தணும். திடீர்னு விட்டா உடம்பு தாங்காது" என்றார். மறுபடி தொடங்கி, இப்போது அவர் சொன்னபடி குறைத்து வருகிறேன்.

இதை உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் வெட்கம்தான். வானிலை நிலையத்தில் வாழ்நாளெல்லாம் மழையை அளந்து எழுதியவன், தன் மருந்தை அளவில்லாமல் கைவிட்டான் என்றால் நீ சும்மா விடுவாயா? நான் ஓய்வு பெற்ற அன்று, "மழை பெய்யுதான்னு கேட்டா, இருங்க, அளந்து பாத்துட்டு வர்றேன்னு சொல்ற ஆளு எங்கண்ணன்" என்று அத்தனை பேருக்கு முன்னால் சொன்னவன் நீ. ஆனால் என் வெட்கத்துக்காகச் சொன்ன ஒரு வார்த்தையை நீ மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனேன். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூச்சப்பட்டு, "ஒருத்தர் இருக்கார்" என்று தொடங்கினேன். "அந்த ஒருத்தர் நீங்கதானே சார்?" என்றார் கடையிலிருந்த பெண். அது நானில்லை என்று நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு பொறுமையாகச் சொன்னார். இந்த மருந்து உடம்பில் வெகுநேரம் தங்காதாம். அதனால்தான் வேளைக்கு வேளை பிரித்துக் கொடுக்கிறார்கள். இரவில் இரண்டாகப் போட்டால் இரவில் மயக்கம் கூடும். பகலில் மருந்தின் காவல் இருக்காது. ஒரு வேளை மறந்துபோனால்கூட அடுத்த வேளையில் சேர்த்துப் போடக் கூடாது. நெஞ்செரிச்சல் மருந்துகளில் சில இதை உடம்பில் சேரவிடாதாம். நீ அடிக்கடி குடிக்கும் அந்த வெள்ளை மருந்தைப் பற்றியும் டாக்டரிடம் கேள். கடைசியாக, "வலிக்குன்னு சாப்பிடறவங்க நிறுத்தினா அவஸ்தைப்படுவாங்க. வலிப்பு இருக்கறவங்க நிறுத்தினா வலிப்பே திரும்பி வரும் சார், விடாமகூட வரும்" என்றார்.

பகல் என்றால், நீ காகிதக் கட்டைக் கத்திக்கு அடியில் தள்ளும் நேரம். நான் அங்கே வந்திருந்தபோது மெஷினை ஓட்டிக் காட்டினாய். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். நீ சிரித்தாய். அந்தக் கத்தி இறங்கும் சத்தம் கடையிலிருந்து வீடு வரும்வரை என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

உனக்கு முதல்முறை வலிப்பு வந்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். உன் அண்ணி நாற்காலிகளைத் தள்ளிவிட்டு உன்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நான் தண்ணீர் ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை ஏன் கீழே வைக்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

முதலாளியிடம் இது உன் அண்ணனுக்குக் கொடுத்த அதே நரம்பு வலி மாத்திரை, வேறொன்றுமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறாய். உண்மை தெரிந்தால் மெஷினைப் பறித்துவிடுவார் என்று பயப்படுகிறாய். பறிக்கலாம். பறிக்கமாட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஒருமுறை பொய் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்ததிலேயே எனக்குச் சந்தேகம். ஆனாலும் கேட்கிறேன். இதைப் படித்ததும் உன் டாக்டரைக் கூப்பிட்டு, நீ மாத்திரையை மாற்றிப் போட்டதை மறைக்காமல் சொல். கண் சொக்குவதையும் சொல். அளவையோ நேரத்தையோ மாற்ற அவருக்கு வழி தெரியும். நீயாகக் கூட்டாதே, குறைக்காதே. அவர் சரி என்று சொல்லும்வரை மெஷின் பக்கம் போகாதே. அச்சுத் தாள் எண்ணு, புத்தக முதுகு ஒட்டு, எதையாவது செய். பட்டறையில் தாள் மடிக்கும் மேசையில் வேலை செய்யும் அந்த அம்மாளிடம் மட்டுமாவது விஷயத்தைச் சொல்லி வை. வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டியது.

கூரியரில் அனுப்புகிறேன். நாளைக் காலை நீ பட்டறைக்குக் கிளம்புமுன் கிடைக்கும் என்றார்கள். கிடைக்குமா என்று இருமுறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்க உன் அண்ணி விடவில்லை.

நாளை மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். தனியாகத்தான். "நடுவுல வண்டி மாறணுமே, தெரியுமா?" என்று உன் அண்ணி கேட்டாள். தெரியாது. யாரையாவது கேட்டுக்கொள்வேன். நீ டாக்டரைப் பார்க்கும்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க ஓர் ஆள் வேண்டும் இல்லையா? அதற்கு நான் போதும்.

வந்து மணி அடிக்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் சிரி. உன் பத்து விரலாலும் கதவைத் திற, அது போதும் எனக்கு.

என்றும் உன் நலமே வேண்டும்,
அண்ணன்